தெருமுனைக் கடையும் ஒரு காதல் படமும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூடலின் மாலை அமர்வில் ஆற்றிய உரை. பேசியதைப் பெரிதும் மாற்றாமல் எழுதித் தந்தது.)

மதிப்பிற்குரிய சங்கத் தலைவர் அவர்களே, நான் எழுதிய ஆங்கிலத்தை மூன்று ஆண்டுகள் பொறுமையுடன் திருத்திய பேராசிரியப் பெருமக்களே, என்னோடு படித்து, இன்று தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு இளமையாக வந்து அமர்ந்திருக்கும் நண்பர்களே, இப்போது படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே!

விழாச் செயலாளர் என் வகுப்புத் தோழர். மேடை என்பதால் 'தோழர்' என்கிறேன். போன வாரம் போன் செய்து, "பத்து நிமிஷம் ஏதாவது ஜாலியா பேசுடா. சர்க்கரை வியாதி, பிள்ளைங்க கல்யாணம் ரெண்டும் மட்டும் வேண்டாம்" என்றார். அந்த இரண்டையும் எடுத்துவிட்டால் எங்கள் வயதில் மிச்சம் இருப்பது சினிமா ஒன்றுதான். அதனால் சினிமா பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

சத்யஜித் ரே, குரோசாவா பற்றியெல்லாம் பேச நம்மிடையே தகுதியானவர்கள் இருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டது ஒரு சாதாரண ஹாலிவுட் காதல் நகைச்சுவைப் படம். பெயர் "யூவ் காட் மெயில்". 'உங்களுக்குக் கடிதம் வந்திருக்கிறது' என்று பொருள். 1998 டிசம்பரில் அமெரிக்காவில் வெளியானது. டாம் ஹாங்ஸ், மெக் ரையன் நடித்தது. நோரா எஃப்ரான் இயக்கியது. தம் தங்கை டீலியாவுடன் சேர்ந்து அவரே திரைக்கதையும் எழுதினார். முழுக்க முழுக்க ஃபார்முலா படம். அதன் நிறை என்ன, குறை என்ன என்பதுதான் என் பேச்சு.

இந்தப் படத்தை நான் மூன்று முறை பார்த்திருக்கிறேன். மூன்று முறையும் வேறு வேறு படமாக இருந்தது. அதனால்தான் பேசத் தோன்றியது.

முதல் முறை 2000-ஆம் ஆண்டு. இறுதியாண்டுப் பரீட்சை முடிந்த மறுநாள். நண்பன் வீட்டில் வாடகை சி.டி. போட்டு ஏழு பேர் தரையில் உட்கார்ந்து பார்த்தோம். அப்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரவுசிங் சென்டர் வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஒரு மணி நேரத்துக்கு 40 ரூபாய். அந்த 40 ரூபாயைச் சேர்த்துக்கொண்டுபோய் உட்கார்ந்தால், நமக்கு மெயில் அனுப்ப ஆள் யாரும் கிடையாது! அப்படிப்பட்ட எங்களுக்கு, முகம் தெரியாத ஒரு பெண் மெயில் அனுப்புகிறாள் என்ற கதையே சொர்க்கமாக இருந்தது.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நியூயார்க்கில் கேத்லீன் கெல்லி என்ற பெண் ஒரு சின்னப் புத்தகக் கடை நடத்துகிறாள். குழந்தைகள் புத்தகம் மட்டும் விற்கும் கடை. அவள் அம்மா தொடங்கிய கடை. ஜோ ஃபாக்ஸ் என்பவன் பெரிய பெரிய புத்தகக் கடைகள் நடத்தும் குடும்பத்துப் பிள்ளை. அவள் கடைக்குக் கொஞ்ச தூரத்திலேயே பிரம்மாண்டமாக ஒரு கடை திறக்கிறான். தள்ளுபடி உண்டு, காபி உண்டு, உட்கார்ந்து படிக்க சோபா உண்டு. நேரில் பார்த்தால் இருவருக்கும் ஆகாது. ஆனால் இரவில் கம்ப்யூட்டரைத் திறந்தால் புனைபெயரில் இருவரும் உயிர்த்தோழர்கள். யார் யாரோடு பேசுகிறார்கள் என்பது இருவருக்குமே தெரியாது. கடைசியில் என்ன நடக்கும்? நீங்களே சொல்லிவிடுவீர்கள். பூங்கா, நாய்க்குட்டி, முத்தம், சுபம்.

முடிவு முதல் காட்சியிலேயே தெரிந்துவிடுகிறதே, அது குறை இல்லையா என்று கேட்கலாம். நான் அதை நிறை என்றே சொல்வேன். கல்யாணப் பந்தியில் இலை போட்டவுடனே என்னென்ன வரும் என்று நமக்குத் தெரியும். தெரிந்த சாப்பாடுதானே என்று யாராவது எழுந்து போகிறோமா? சாம்பார் எப்படி, பாயசம் எப்படி என்பதுதான் பேச்சு. ஃபார்முலா படமும் அப்படித்தான். என்ன நடக்கும் என்ற கவலையை நம்மிடமிருந்து எடுத்துவிடுகிறது. எப்படி நடக்கிறது என்று ரசிக்க நமக்கு நேரம் கொடுக்கிறது.

இந்தச் சமையல் குறிப்பும் பழையதுதான். மிக்லோஷ் லாஸ்லோ என்ற ஹங்கேரிக்காரர் 1937-இல் "பர்ஃப்யூமெரி" என்று ஒரு நாடகம் எழுதினார். அதை 1940-இல் எர்ன்ஸ்ட் லூபிச் "த ஷாப் அரவுண்ட் த கார்னர்", அதாவது தெருமுனைக் கடை, என்று படமாக்கினார். 1949-இல் ஜூடி கார்லண்ட் நடிக்கப் பாட்டுப் படமாக வந்தது. 1963-இல் பிராட்வேயில் இசை நாடகமானது. 1998-இல் கடிதத்தை எடுத்துவிட்டு ஈமெயிலை வைத்தார்கள். 61 ஆண்டுகள் திரும்பத் திரும்பத் துவைத்தும் சாயம் போகாத துணி என்றால் நூல் நல்ல நூல் என்றுதானே பொருள்? பழைய படத்துக்கு மரியாதையாக, கேத்லீனின் கடைக்கு அந்தப் பெயரையே வைத்தார் நோரா எஃப்ரான்.

அவர் கைப்பக்குவத்துக்கு மூன்று இடங்களைச் சொல்கிறேன்.

ஒன்று, அந்தக் கடிதங்கள். அவற்றில் காதல் வசனமே கிடையாது. பாதாள ரயிலில் ஒரு வண்ணத்துப்பூச்சி ஏறி, இரண்டு மூன்று ஸ்டேஷன் தாண்டி இறங்கிப் போனதை அவள் எழுதுகிறாள். இதுபோன்ற அற்ப விஷயத்தைச் சொல்ல ஓர் ஆள் கிடைப்பதுதான் பெரிய விஷயம் என்பது படத்துக்குத் தெரிந்திருக்கிறது. திருமணமாகி இருபது ஆண்டு ஆனவர்கள் இதை மறுக்க மாட்டார்கள்.

இரண்டு, அவளுடைய பழைய காதலன் ஃபிராங்க். மற்ற ஃபார்முலா படங்களில் இந்த ஆசாமி முட்டாளாகவோ கெட்டவனாகவோ இருப்பான். அப்போதுதானே நாயகி அவனை விட்டு வந்தால் நமக்கு உறுத்தாது! இதில் அவன் டைப்ரைட்டர் பைத்தியம் பிடித்த நல்ல பத்திரிகைக்காரன். ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் இருவரும், நமக்குள் காதல் இல்லை என்று ஒருவருக்கொருவர் ஒப்புக்கொண்டு, நிம்மதியாகச் சிரித்துப் பிரிகிறார்கள். ஒருவரையும் அவமானப்படுத்தாமல் ஒரு முடிச்சை அவிழ்ப்பது எழுத்தாளருக்குச் சுலபமல்ல.

மூன்று, மிக நுட்பமான இடம். கடை நொடிக்கிறது, என்ன செய்வது என்று முகம் தெரியாத நண்பனிடம் யோசனை கேட்கிறாள். எதிராளியோடு யுத்தம் செய் என்று அவன் "காட்ஃபாதர்" படத்தை உதாரணம் காட்டி உற்சாகப்படுத்துகிறான். எதிராளி தான்தான் என்று அவனுக்குத் தெரியாது. அவளும் கொடி பிடித்துக் கிளம்புகிறாள். தொலைக்காட்சி, ஊர்வலம் எல்லாம் நடக்கிறது. நாங்கள் ஏழு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அது முதல் முறை.

இரண்டாம் முறை பார்த்தது 2004-இல், வீட்டில், கேபிள் டி.வி.யில். பாதியில் எழுந்து டி.வி.யை நிறுத்திவிட்டேன். காரணம் சொல்கிறேன்.

நம் கல்லூரி வாசலுக்கு எதிரே, வேப்பமரத்தை ஒட்டி, பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு பழைய புத்தகக் கடை இருந்தது. 2003-க்கு முன்னால் படித்த யாரும் மறந்திருக்க முடியாது. சீனியரிடம் பாதி விலைக்கு வாங்கி ஜூனியருக்கு முக்கால் விலைக்கு விற்கும் கடை. அது என் அப்பாவின் கடை. எந்தப் பேராசிரியர் எந்தப் புத்தகத்திலிருந்து கேள்வி எடுப்பார் என்பது பல்கலைக்கழகத்துக்குத் தெரியாது, எங்கள் அப்பாவுக்குத் தெரியும். 2002-இல் பஸ் ஸ்டாண்டு அருகே ஏ.சி. போட்ட ஒரு பெரிய கடை வந்தது. புதுப் புத்தகத்துக்கே தள்ளுபடி கொடுத்தார்கள். அதில் யார் தப்பும் இல்லை. அடுத்த ஆண்டு ஆடி மாதம் அப்பா கடையைக் காலி செய்தார். அலமாரிகளை விலை பேசி ஏற்றிவிட்டு, வெறும் கடைக்குள் போய்ச் சுவரில் இருந்த ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். "எதுக்குப்பா?" என்றேன். "அடுத்து வர்றவனுக்குக் குத்தும்டா" என்றார்.

படத்தில் கேத்லீனும் கடையை மூடுகிறாள். காலியான அலமாரிகளுக்கு நடுவே நின்று பார்க்கிறாள். சிறுமியாக இருந்தபோது அம்மாவோடு அங்கே கைகோத்துச் சுற்றி ஆடியது அவள் கண்ணுக்குத் தெரிகிறது. விளக்கை அணைத்துவிட்டு வெளியே வருகிறாள். இந்தக் காட்சி பொய்யில்லை. கடை மூடிய வீட்டில் இருந்தவன் சொல்கிறேன், நோரா எஃப்ரான் இதை நேர்மையாக எடுத்திருக்கிறார். ஆனால் அந்தக் காட்சிக்குப் பிறகு, கடையை மூட வைத்தவன் பூங்கொத்தோடு வருகிறான். இனி நான் சிரிக்க வேண்டும், அவர்கள் சேர வேண்டும் என்று ஆசைப்பட வேண்டும். என்னால் முடியவில்லை.

அப்போது வந்தது வெறும் கோபம். மூன்றாம் முறை பார்த்தபோதுதான் குறை எங்கே இருக்கிறது என்று விளங்கியது. போன ஆண்டு என் மகளோடு பார்த்தேன். அவளும் கல்லூரி மாணவிதான். நன்றாகச் சிரித்துப் பார்த்தாள். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அப்பா, அவன்தான் அந்த ஆளுன்னு தெரிஞ்சதும் அவளுக்கு ஏன்ப்பா கோபமே வரல?"

இந்தக் கேள்வியைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

படத்தின் நடுவில் இருவரும் ஒரு காபிக் கடையில் சந்திக்க ஏற்பாடு. அடையாளத்துக்கு அவள் ஜேன் ஆஸ்டின் நாவலும் ஒரு ரோஜாவும் வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். ஜோ தன் நண்பனை ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கச் சொல்கிறான். அப்போது அவனுக்கு உண்மை தெரிந்துவிடுகிறது. அவளுக்குத் தெரியாது. அதிலிருந்து படம் முடியும் வரை அவனுக்கு எல்லாம் தெரியும், அவளுக்கு ஒன்றும் தெரியாது. கடை போகிறது. அவளுக்கு உடம்பு சரியில்லாதபோது அவன் பூவோடு வருகிறான். நண்பனாகப் பழகுகிறான். இன்னொரு பக்கம் அதே ஆள் மெயிலிலும் எழுதுகிறான். அவள் மனத்தை இரண்டு வாசல் வழியாகவும் அவன் பார்க்கிறான். அவளுக்கோ ஒரு ஜன்னல்கூட இல்லை.

நம் தமிழில் இதே ஃபார்முலாவில் 1996-இல் அகத்தியன் எடுத்த "காதல் கோட்டை"யை நினைத்துப் பாருங்கள். சிறந்த இயக்குநருக்கான தேசிய விருது பெற்ற படம். ஊட்டியில் கமலி, ஜெய்ப்பூரில் சூர்யா. தொலைந்த சான்றிதழ்களை அவன் அனுப்பி வைக்க, கடிதத்தில் காதல் வளர்கிறது. பிறகு ஒரே ஊரில் பக்கத்தில் பக்கத்தில் நடமாடுகிறார்கள். இருவருக்குமே தெரியாது. நமக்கு மட்டும்தான் தெரியும். அதனால்தான் தியேட்டரில் நாம் சீட்டு நுனிக்கு வந்தோம். கடைசியில் ரயில் நிலையத்தில் அவள் பின்னிக் கொடுத்த ஸ்வெட்டர் உண்மையைச் சொல்லும்போது இருவருக்கும் சேர்ந்தே விடிகிறது. ஒருவர் மற்றவரை வேடிக்கை பார்க்கவில்லை.

லூபிச்சின் 1940 படத்திலும் நாயகனுக்குத்தான் முதலில் தெரிகிறது, நியாயமாக அதையும் சொல்லிவிட வேண்டும். அவனும் கொஞ்ச நாள் மறைத்து விளையாடுகிறான். ஆனால் அவனும் அவளும் புடாபெஸ்டில் ஒரே கடையில் சம்பளத்துக்கு நிற்பவர்கள். அவளைச் சந்திக்கப் போகும் அந்த மாலையில் அவனுக்கே வேலை போயிருக்கிறது. அதைவிட முக்கியம், அவள் பிழைப்பில் அவன் கை வைக்கவில்லை. அந்தப் படத்தில் கடை முதலாளி, வேலைக்காரர்கள், பையன் எல்லோருக்கும் வேலை போய்விடுமோ என்ற பயம் உண்டு. அந்தப் பயத்துக்குப் படமே பதிலும் சொல்கிறது. கிறிஸ்துமஸ் இரவில் தனியாக நிற்கும் முதலாளி, ஊரில் யாருமில்லாத புதுப் பையனைச் சாப்பிட அழைத்துப்போகிறார். காதல் கணக்கோடு கடைக் கணக்கும் நேராகிறது.

1998 படத்தில் காதல் கணக்கு மட்டும்தான் நேராகிறது. கடைக் கணக்கு அப்படியே நிற்கிறது.

ஃபார்முலா என்ற கருவியால் முடிந்தது ஒன்று உண்டு, முடியாதது ஒன்று உண்டு. தப்பாகப் புரிந்துகொண்டது, வாய்த்துடுக்கு, கர்வம், இவற்றையெல்லாம் அது அழகாகச் சரிசெய்யும். ஏனென்றால் இவை மனசு மாறினால் மறைபவை. ஜேன் ஆஸ்டின் 1813-லேயே அதைச் செய்து காட்டிவிட்டார். ஆனால் மூடிய கடை, மனசு மாறினால் திறக்காது. இயக்குநர் அதை வெறும் சண்டைக்கான சாக்காக வைத்திருந்தால் நாமும் கண்டுகொண்டிருக்க மாட்டோம். அவர் அந்த நஷ்டத்தை நம்மை உண்மையாகவே உணர வைத்துவிட்டார். உணர வைத்தபின் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் பூங்காவுக்கு வெளியே விட்டுவிட்டார். படத்தின் சிறந்த பகுதியே அதன் முடிவுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது.

அப்படி ஒரு காட்சியைச் சொல்கிறேன். கடையை மூடிய பின் கேத்லீன் அந்தப் பெரிய கடைக்குள் போய்க் குழந்தைகள் பகுதியில் உட்காருகிறாள். ஒரு பெண்மணி வந்து ஒரு புத்தக வரிசையைக் கேட்கிறாள். விற்பனைப் பையனுக்கு எழுத்தாளர் பெயரே தெரியவில்லை. கேத்லீன் உட்கார்ந்த இடத்திலிருந்தே அது நோயல் ஸ்ட்ரெட்ஃபீல்டு எழுதியது என்று சொல்லி, எதை முதலில் படிக்க வேண்டும் என்பது வரை சொல்கிறாள். கண்ணில் நீர் முட்டுகிறது. என் அப்பாவும் ஒருமுறை அந்த ஏ.சி. கடைக்குப் பேத்திக்கு நோட்டு வாங்கப் போனார். திரும்பி வந்து, "கடை நல்லாத்தாம்ப்பா இருக்கு. கேட்டா சொல்றதுக்குத்தான் ஆள் இல்ல" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் அவர் ஒரு நாளும் குறை சொல்லவில்லை.

என் மகள் கேட்ட கேள்விக்கு இப்போது வருகிறேன். கடைசிக் காட்சியில் உண்மை தெரிந்தவுடன் அவள் அழுகிறாள், நீங்களாக இருக்க வேண்டுமென்றே விரும்பினேன் என்ற பொருளில் பேசுகிறாள். உடனே முத்தம். படம் முடிந்தது. அவளுக்கு ஒரு நிமிடம் கொடுத்திருக்கலாம். "இத்தனை நாள் உனக்குத் தெரியுமா?" என்று கேட்க ஒரு நிமிடம். "என் அம்மாவின் கடை" என்று சொல்ல ஒரு நிமிடம். கேட்டுவிட்டு அவள் மன்னித்திருந்தால் அது மன்னிப்பு. கேட்கவே விடாமல் சேர்த்துவைத்தால் அது ஃபார்முலாவின் அவசரம். இரண்டு மணி நேரப் படத்தில் அந்த ஒரு நிமிடம் இல்லாததுதான் என் கணக்கில் பெரிய குறை.

இதில் காலம் செய்த வேடிக்கையும் உண்டு. படம் வந்தபோது பெரிய கடைதான் சின்னக் கடையின் எமன். அமேசான் 1995 ஜூலையிலேயே இணையத்தில் புத்தகம் விற்கத் தொடங்கிவிட்டது. படத்திலோ இணையம் என்றால் காதல் தூது மட்டும்தான். அந்தத் தூதுவனே பின்னால் பெரிய கடைகளையும் விழுங்குவான் என்று ஜோவுக்கும் தெரியாது, நோராவுக்கும் தெரியாது. போர்டர்ஸ் என்ற மாபெரும் அமெரிக்கப் புத்தகக் கடை நிறுவனம் 2011-இல் எல்லாக் கிளைகளையும் இழுத்து மூடியது. படத்துக்குத் தலைப்பைத் தந்த ஏ.ஓ.எல். நிறுவனமோ, தொலைபேசி வழி இணைய இணைப்பையே 2025 செப்டம்பரில் நிறுத்திவிட்டது.

இவ்வளவு நியாயம் பேசுகிறவன் என்ன வேலை பார்க்கிறான் என்று புதிதாக வந்தவர்கள் கேட்கலாம். என் நண்பர்களுக்குத் தெரியும். இணையத்தில் பொருள் விற்கும் ஒரு நிறுவனத்தின் கிடங்கில் மேலாளராக இருக்கிறேன். ஒரு நாளைக்கு எத்தனை தெருமுனைக் கடைகளின் வியாபாரம் என் கையால் பெட்டிக்குள் போகிறது என்று எனக்குத் தெரியும். அந்தச் சம்பளத்தில்தான் அப்பாவின் கடைசிக்கால வைத்தியம் நடந்தது. ஆகவே நான் வெறும் கேத்லீன் மட்டுமல்ல. பாதி ஜோ ஃபாக்ஸ். அப்பா என்னிடம் அந்த ஒரு நிமிடத்தை எடுத்துக்கொள்ளவே இல்லை. "உனக்கு இந்த வேலைதான் கிடைச்சுதா?" என்று ஒரு முறையாவது கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன்.

தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். ஃபார்முலா படம் என்று எதையும் இளக்காரமாகத் தள்ளாதீர்கள். நன்றாகச் சமைத்ததைச் சப்புக்கொட்டிச் சாப்பிடுங்கள். ஆனால் சிரித்து முடித்து எழுந்திருக்கும்போது, இந்தக் கல்யாணத்தில் யாருக்கு இலை போடவில்லை என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள். என் மகள் பார்த்தாள். எனக்கு அதற்கு மூன்று முறை தேவைப்பட்டது.

கடைசியாக ஒரு அறிவிப்பு. அப்பாவின் கடன் நோட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. நேற்று இரவு புரட்டிப் பார்த்தேன். இந்த அரங்கில் இருப்பவர்களில் பதினோரு பேர் பெயர் அதில் இருக்கிறது. நம் விழாச் செயலாளர் பெயருக்கு நேரே 35 ரூபாய், ஷெல்லி கவிதைகள், மூன்றாம் ஆண்டு. யாரும் பயப்பட வேண்டாம். வசூலுக்கு வரவில்லை. அந்த நோட்டைப் பார்க்க விரும்புகிறவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு என்னிடம் வாருங்கள். உங்கள் கையெழுத்தை நீங்களே பார்க்கலாம்.